எட்டு இரவுகளில் பிழைக்க வேண்டிய அணிகள்

2015 ஆகஸ்ட் 29 அன்று, உள்ளரங்கத்தில் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கான அரீனா ஃபுட்பால் லீகின் 28-ஆவது இறுதி ஆட்டத்தில் சான் ஹோசே சேபர்கேட்ஸ் அணி ஜாக்சன்வில் ஷார்க்ஸை 68–47 என்று வென்றது. அந்த சீசனின் 18 லீக் ஆட்டங்களில் சான் ஹோசேவுக்கு 17 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. ஆனாலும் இறுதி ஆட்டத்துக்குச் சொந்த ஊர் அரங்கத்தில் தேதி கிடைக்கவில்லை. ஸ்டாக்டன் நகரத்துக்குப் போய் ஆடிக் கோப்பையை வாங்கினார்கள். சில மாதங்களுக்குள் அந்த அணியே கலைந்துபோனது.

2018-இல் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. வாஷிங்டன் வேலர் அணி 12 லீக் ஆட்டங்களில் இரண்டே இரண்டில்தான் வென்றது. லீகில் இருந்ததே நான்கு அணிகள், நான்குக்கும் பிளேஆஃபில் இடம் என்பதால் உள்ளே நுழைந்து, இறுதியில் பால்டிமோர் பிரிகேடை 69–55 என்று வென்று சாம்பியன் ஆனது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் லீகே திவால் மனு கொடுத்துவிட்டது.

அமெரிக்காவின் உள்ளரங்க ஃபுட்பாலில் ஆடுகளத்தில் கிடைக்கும் வெற்றிக்கும் அணியின் ஆயுளுக்கும் இருக்கும் தொடர்பு மிகவும் மெல்லியது. எந்த அணி பிழைக்கும், எது சாகும் என்பதைத் தீர்மானிப்பது மூன்று விஷயங்கள் என்பது என் கணிப்பு: அரங்கம் யார் கையில் இருக்கிறது, ஆண்டுக்கு எத்தனை இரவு அதைத் திறந்து டிக்கெட் விற்க முடிகிறது, அந்த வருமானத்தின் அளவுக்குள் செலவு அடங்குகிறதா. கோப்பைகளை எண்ணுவதைவிட இந்த மூன்றைப் பார்த்தால் 1987 முதல் இன்றுவரை நடந்ததில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஆட்டம் பிறந்த விதத்திலேயே இதன் விதை இருக்கிறது. 1981 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர், கையிலிருந்த கடித உறை ஒன்றின் மேல் ஒரு களத்தை வரைந்தார். அப்போது அவர் அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அமைப்பின் வணிகப் பிரிவில் வேலை பார்த்தார். அமெரிக்க நகரங்களில் பெரிய உள்ளரங்கம் என்றால் பெரும்பாலும் ஐஸ் ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்கும் கட்டியது. ஹாக்கித் தளத்தின் அளவு 200 அடி நீளம், 85 அடி அகலம். ஃபாஸ்டரின் களமோ 50 கெஜம் நீளம், இரு முனையிலும் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஸோன் 8 கெஜம். மொத்தம் 66 கெஜம், அதாவது 198 அடி. அகலம் அதே 85 அடி. ஹாக்கித் தளத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்தால் ஒவ்வொரு முனையிலும் ஓரடிதான் மிச்சம். ஹாக்கியின் பக்கப் பலகைகளுக்கே பஞ்சு மெத்தை கட்டினால் அதுதான் எல்லைக்கோடு. வீரர் அதன் மேல் மோதி ரசிகரின் மடியில் போய் விழுவதும் உண்டு. ஃபாஸ்டர் புதிய அரங்கம் எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் அரங்கம் கோடையில் சும்மா கிடக்கிற நாட்களைத்தான் கேட்டார்.

சாதாரண அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்துக்கு 11 பேர், இங்கே 8 பேர். பந்தைக் காலால் உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடும் பண்ட் கிடையாது. நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் ஒன்று முன்னேற வேண்டும், இல்லையென்றால் கோல் கம்பத்தை நோக்கி உதைக்க வேண்டும். கம்பங்களுக்கு இடையே 9 அடிதான் இடைவெளி, என்.எஃப்.எல்.-இல் இருப்பதில் பாதிகூட இல்லை. குறுக்குக் கம்பி 15 அடி உயரத்தில் இருக்கும். கம்பங்களுக்கு இருபுறமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்துக்கு இறுக்கிக் கட்டிய வலைகள். உதைத்த பந்தோ எறிந்த பந்தோ அதில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது, வந்த பந்தை யாரும் பிடிக்கலாம். தாக்குதல் பக்கத்தில் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவர், பந்து கைமாறுவதற்கு முன்பே இரு அணிகளையும் பிரிக்கும் கோடு இருக்கும் பக்கமாக ஓடத் தொடங்கலாம். இதனால் பாதுகாப்புப் பக்கம் எப்போதும் ஒரு காலடி பின்தங்கியே இருக்கும். ஒரு அணி 50, 60 புள்ளி எடுப்பது இங்கே சாதாரணம்.

செலவு தொடர்பான இரண்டு அம்சங்களை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்த வலை. அதை அரங்கத்தின் கூரையிலிருந்து கம்பி வடத்தில் தொங்கவிட வேண்டும். ஏற்றி இறக்க ஆட்கள், கூரையின் தாங்குதிறன் பற்றிய ஒப்புதல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புல் விரித்துச் சுருட்டும் வேலை என்று எல்லாம் அரங்கத்தின் கூலிப் பட்டியலில் சேரும். இந்த வலையோடு கூடிய ஆட்ட முறைக்கு ஃபாஸ்டர் 1990-இல் காப்புரிமை பெற்றார். அது 2007-இல் காலாவதியாகும்வரை வேறு எந்த லீகும் வலை கட்ட முடியவில்லை. போட்டி லீகுகள் எல்லாம் வலையில்லாமல் ஆடின. காப்புரிமை முடிந்த பிறகு வந்த ஐ.எஃப்.எல். எனப்படும் இன்டோர் ஃபுட்பால் லீகும் வலையில்லாமலேயே ஆடியது. சிறு நகர அரங்கங்களில் அது பெரிய வசதி.

இரண்டாவது, ‘ஐயன்மேன்’ விதி. பெரும்பாலான வீரர்கள் தாக்குதலும் பாதுகாப்பும் இரண்டும் ஆட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் ஆதி அடையாளம். ரிசீவர் ஒருவர் அடுத்த நிமிடமே பாதுகாப்புப் பக்கத்தில் லைன்பேக்கராக நிற்பார். ரசிகருக்கு இது விருந்து, அணி நிர்வாகத்துக்குச் சிக்கனம். 20 பேரைச் சுற்றியே அணியை நடத்திவிடலாம். 2007-இல் அரீனா ஃபுட்பால் லீக் இந்த விதியைத் தளர்த்தி, இரு பக்கத்துக்கும் தனித்தனி ஆட்களை இறக்க அனுமதித்தது. ஆட்டத்தின் தரம் கூடியது என்று சொன்னவர்கள் உண்டு. நான் அதை நஷ்டக் கணக்கில்தான் எழுதுவேன். வேறு எங்கும் கிடைக்காத அடையாளமும் போனது, சம்பளப் பட்டியலும் நீண்டது.

முதல் சீசன் 1987. சிகாகோ, டென்வர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன் என்று நான்கே அணிகள். ஜூன் 19-இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த முதல் ஆட்டத்தில் உள்ளூர் கிளாடியேட்டர்ஸ் 48–46 என்று வென்றது. இறுதியில் டென்வர் டைனமைட் அதே பிட்ஸ்பர்க்கை 45–16 என்று வீழ்த்தியது. சாம்பியனான டென்வரும் வாஷிங்டனும் 1988-இல் களத்தில் இல்லை. 1989-இல் லீக் ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டம் என்ற அளவுக்குச் சுருங்கியது. அந்த ஆரம்ப ஆண்டுகளில் எல்லா அணிகளும் மையத்திலிருந்துதான் நடத்தப்பட்டன. 1990 முதல் நகரத்துக்கு நகரம் உரிமையாளர்களுக்கு ஃபிரான்சைஸ் கொடுக்கும் முறை வேரூன்றியது.

ஃபிரான்சைஸ் முறையில் ஒரு பொறி உண்டு. புதிதாக வருபவர் லீகுக்கு நுழைவுக் கட்டணம் கட்டுகிறார். அந்தப் பணம் பழைய உரிமையாளர்களின் பங்காகவும் லீக் அலுவலகத்தின் செலவாகவும் கரைகிறது. ஆட்டத்திலிருந்து வரும் வருமானம் போதாத ஆண்டுகளில் இந்தக் கட்டணம்தான் ஓட்டையை அடைக்கும். அப்புறம் ஆண்டுதோறும் புதிய அணி வந்தே ஆக வேண்டும் என்றாகிவிடும். எந்த நகரம், எந்த அரங்கம், பக்கத்து அணிக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்விகள் அதற்குப் பிறகு கேட்கப்படுவதில்லை.

அரங்கம் யார் கையில் என்பதற்கு டெட்ராய்ட் டிரைவ் முதல் பாடம். லிட்டில் சீசர்ஸ் பீட்சா நிறுவனரும் ரெட் விங்ஸ் ஹாக்கி அணியின் உரிமையாளருமான மைக் இலிட்ச் 1988-இல் அதைத் தொடங்கினார். ஜோ லூயிஸ் அரீனாவை இயக்கியதும் அவர் நிறுவனமே. வாடகை என்று வெளியே போக வேண்டிய பணம், வண்டி நிறுத்தும் கட்டணம், தின்பண்ட விற்பனை எல்லாம் ஒரே வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. ஹாக்கி டிக்கெட் விற்கும் அதே ஊழியர்கள் கோடையில் இதையும் விற்றார்கள். டிரைவ் ஆடிய ஆறு சீசனிலும் இறுதி ஆட்டத்துக்குப் போனது, நான்கு கோப்பை வென்றது. 1992-இல் இலிட்ச் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியை வாங்கினார். அவருடைய கோடை இனி பேஸ்பாலுக்குத்தான் என்றானதும், 1993 சீசன் முடிந்து டிரைவ் விற்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வொர்செஸ்டர் நகரத்துக்குப் போய் ‘மரோடர்ஸ்’ என்ற பெயரில் 1994-இல் ஒரே சீசன் ஆடி முடிந்துபோனது. நான்கு முறை சாம்பியனான அணிக்கு அரங்க முதலாளியின் தயவு போனபின் ஓராண்டு ஆயுள்தான்.

டாம்பா பே ஸ்டார்ம் கதை இதைவிட நீளமானது, முடிவு ஒன்றுதான். பிட்ஸ்பர்க் கிளாடியேட்டர்ஸ்தான் 1991-இல் ஃபுளோரிடாவுக்கு இடம்பெயர்ந்து ஸ்டார்ம் ஆனது. வந்த ஆண்டே டெட்ராய்ட்டை அதன் சொந்த அரங்கத்தில் 48–42 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. மொத்தம் ஐந்து கோப்பைகள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் பேஸ்பால் அணி வரும் என்ற நம்பிக்கையில் கட்டிக் காலியாக வைத்திருந்த மாபெரும் குவிமாட அரங்கம் அவர்களுக்குக் கிடைத்தது. பக்கத்து ஆர்லாண்டோ பிரெடேட்டர்ஸுடன் இருந்த பகை அந்த வட்டாரத்தில் பெயர்போனது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒன்றரை மணி நேரச் சாலைப் பயணம்தான் என்பதால் எதிரணி ரசிகர்களும் டிக்கெட் வாங்கி வந்தார்கள், விமானச் செலவும் இல்லை. 2016 முடிவில் ஆர்லாண்டோ நின்றது. ஒரு சீசன் கழித்து, 2017 டிசம்பரில், ஸ்டார்மும் நின்றது. இவ்வளவுக்கும் அதன் உரிமையாளர்தான் டாம்பாவின் என்.எச்.எல். ஹாக்கி அணியையும் வைத்திருந்தார். பகைக்கு ஆள் இல்லாமல், அட்டவணையில் நான்கைந்து தூரத்து அணிகள் மட்டும் மிஞ்சியபோது, சொந்த அரங்கமும் ஐந்து கோப்பையும் போதவில்லை.

இப்போது பணத்தைப் பார்ப்போம். 16 ஆட்ட சீசனில் சொந்த ஊரில் எட்டு ஆட்டம். என்.பி.ஏ. கூடைப்பந்து அணிக்கும் என்.எச்.எல். ஹாக்கி அணிக்கும் ஆளுக்கு 41. ஒரு விற்பனைக் குழு, ஒரு கணக்காளர், ஓர் அலுவலக வாடகை என்று எல்லா நிலைச் செலவையும் 41 இரவுகளில் பரப்புவது வேறு, எட்டில் பரப்புவது வேறு. மழை புயலால் ஓர் இரவு கெட்டாலே ஆண்டு வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு அடிபடும். வெளியூர் ஆடும் வாரங்களில் டிக்கெட் பணம் ஒரு காசு வராது; விமானம், விடுதி, சாப்பாடு, சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அரீனா ஃபுட்பால் லீகின் உச்சம் அது. 17 அணிகள், ஆட்டத்துக்குச் சராசரியாக 13,000-ஐ ஒட்டிய கூட்டம். எட்டு ஆட்டத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் இருக்கைகள். இலவச டிக்கெட்டே இல்லை, சராசரி விலை 20 டாலர் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். வீரர்களின் சராசரிச் சம்பளம் அப்போது 80,000 டாலரை ஒட்டி இருந்தது. 24 பேருக்கு 19 லட்சத்துக்கு மேல். ஆக, மொத்த டிக்கெட் பணமும் வீரர் சம்பளத்தோடு சரி. அரங்க வாடகை, பயிற்சியாளர்கள், விமானம், காப்பீடு, விளம்பரம், லீகுக்குக் கட்ட வேண்டிய பங்கு எல்லாவற்றுக்கும் ஸ்பான்சரையும் தொலைக்காட்சியையும் பார்த்துக் கையேந்த வேண்டும்.

தொலைக்காட்சி என்ன கொடுத்தது? 2003 முதல் 2006 வரை என்.பி.சி. ஞாயிறு பிற்பகல்களில் ஆட்டங்களைக் காட்டியது. ஒளிபரப்பு உரிமைக்கு முன்பணம் எதுவும் இல்லை. விளம்பர வருமானத்தில் பங்கு என்பதுதான் ஒப்பந்தம். நாடு முழுக்க வீட்டுத் திரையில் தெரிந்தது உண்மைதான். என்.எஃப்.எல். முதலாளிகளும் உள்ளே வந்தார்கள்: டாலஸில் ஜெர்ரி ஜோன்ஸ், நியூ ஆர்லியன்ஸில் டாம் பென்சன், டென்வரில் பாட் போவ்லன். போவ்லனோடு முன்னாள் நட்சத்திரம் ஜான் எல்வேயும் சேர்ந்து நடத்திய கொலராடோ கிரஷ் 2005-இல் கோப்பையும் வென்றது. ஃபிலடெல்ஃபியாவில் ராக் பாடகர் ஜான் பான் ஜோவி பங்குதாரர். இத்தனை பெயர்கள் சேர்ந்ததும் அணிகளின் விலை ஏறியது. அந்த விலை ஏற்றத்தையே லாபம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் என்.பி.சி.க்காகச் செய்த ஒரு மாற்றம் அடித்தளத்தையே அசைத்தது. கோடையில் நடந்த சீசனை பிப்ரவரிக்கு, என்.எஃப்.எல்.-இன் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முடிந்த கையோடு தொடங்கும்படி நகர்த்தினார்கள். பிப்ரவரியில் அரங்கங்களில் ஹாக்கியும் கூடைப்பந்தும் உச்சத்தில் இருக்கும். நல்ல சனிக்கிழமை இரவுகள் அவற்றுக்கே போகும். உள்ளரங்க ஃபுட்பாலுக்கு மிச்சம் கிடைக்கும் தேதிதான். ஐஸ் தளத்தின் மேல் பலகை போட்டு, புல் விரித்து, மறுநாள் சுருட்டி மீண்டும் ஐஸைத் தயார் செய்யும் கூலியும் கூடியது. காலியான கோடை அரங்கம் என்ற ஆதி யோசனையைக் கைவிட்டதுதான் இந்த விளையாட்டின் ஆகப் பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2008-இன் நிதி நெருக்கடி அதன் மேல் வந்து விழுந்த கடைசிச் சுமை.

சரிவு வேகமாக வந்தது. 2008 ஜூலையில், இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, 1996 முதல் லீகை நடத்திவந்த ஆணையர் டேவிட் பேக்கர் பதவி விலகினார். அந்த இறுதி ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா சோல் 59–56 என்று சான் ஹோசேவை வென்றது. இந்த விளையாட்டின் சிறந்த இறுதி ஆட்டங்களில் அதற்கு நிச்சயம் இடம் உண்டு. அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸ் அணி மூடப்பட்டது. டிசம்பரில் 2009 சீசன் ரத்து. 2009 ஆகஸ்டில் காலவரையற்ற நிறுத்தம், பிறகு திவால்.

இதே நேரத்தில் சிறு நகரங்களில் என்ன நடந்தது என்பதை யாரும் போதிய அளவு எழுதவில்லை. ஏ.எஃப்.2 என்ற இரண்டாம் நிலை லீக் 2000-இல் தொடங்கியது. டல்சா, ஸ்போகேன், குவாட் சிட்டீஸ் போன்ற ஊர்கள். 2002-இல் 34 அணிகள் வரை வீங்கியது. அதிலும் ஆண்டுதோறும் கொத்துக்கொத்தாக மூடினார்கள். ஆனாலும் சம்பளம் சிறியது, ஊரில் கோடைக்கு வேறு பெரிய விளையாட்டு இல்லை. பெரிய லீக் ஆடாத 2009-இல் இந்தச் சின்ன லீக் முழு சீசன் ஆடியது. பிறகு அதன் உரிமையாளர்கள் பலரும் சேர்ந்து, திவால் நீதிமன்ற ஏலத்தில் பெரிய லீகின் பெயர், சின்னங்கள் உட்பட சொத்துகளை 61 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். 2010-இல் அதே பழைய பெயரில் மீண்டும் ஆட்டம் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது ஸ்போகேன் ஷாக், முந்தைய ஆண்டு ஏ.எஃப்.2 சாம்பியன்.

விரலுக்கேற்ற வீக்கம் என்ற பாடத்தை 2010-இல் படித்தார்கள், ஆனால் முழுச் சுமையையும் வீரர்கள் தலையில் ஏற்றினார்கள். ஒரு ஆட்டத்துக்கு 400 டாலர். சராசரி 80,000-இலிருந்து 16 ஆட்டத்துக்கு 6,400-க்கு இறங்கியது. இந்தச் சம்பளத்தில் 24 பேருக்கு ஆண்டுக்கு 1,53,600 டாலர்தான் ஆகிறது. 5,000 பேர் வரும் ஊரிலும் டிக்கெட் பணத்தில் அதைக் கொடுத்துவிடலாம். ஆனால் விமானத்தில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாற்பது பேரைக் கூட்டிப்போகும் செலவும், தொழிலாளர் காயக் காப்பீடும் அப்படியே இருந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வீரர்களின் பொறுமையும் உடைந்தது. 2012 மார்ச் தொடக்க ஆட்டத்துக்கு முன் வேலைநிறுத்தம் செய்யப் போவதாகச் சொன்ன பிட்ஸ்பர்க் பவர் வீரர்களை, உரிமையாளர் ஆட்டத்துக்குச் சற்று முன்பு கூண்டோடு நீக்கினார். மாற்று ஆட்களைக் கொண்டு அந்த ஆட்டம் நடந்தது. எலும்பு முறியும் விளையாட்டில் வாரம் 400 டாலருக்கு ஆடியவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது.

காயக் காப்பீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அணிகள் சீசன் நடுவில் விழுவதற்கு அதுவே அடிக்கடி காரணம். இங்கே பக்கப் பலகையில் மோதல், கடினத் தளத்தில் விழுதல் என்று காயம் அதிகம். காப்பீட்டு நிறுவனம் தவணையைச் சம்பளப் பட்டியலோடும் ஆபத்தோடும் சேர்த்துக் கணக்கிடும், மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். தவணை தவறிக் காப்பீடு நின்றால் அன்றிரவே களம் இறங்க முடியாது. பணம் இல்லாத அணியில் முதலில் தள்ளிப்போடப்படுவது இந்தத் தவணையும் வீரர்கள் தங்கும் விடுதியின் கட்டணமும்தான். விடுதியிலிருந்து வீரர்கள் வெளியேற்றப்பட்ட செய்தி வந்தால் அந்த அணிக்கு இன்னும் சில நாள்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். சீசன் டிக்கெட் பணத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே செலவழித்துவிடும் பழக்கம் இதற்குத் துணை.

பிரபலங்கள் திரும்பவும் வந்தார்கள். கிஸ் இசைக்குழுவின் ஜீன் சிம்மன்ஸும் பால் ஸ்டான்லியும் 2014-இல் அனஹைமில் எல்.ஏ. கிஸ் அணியைத் தொடங்கினார்கள், மூன்று சீசன். ராக் பாடகர் வின்ஸ் நீல் தொடங்கிய லாஸ் வேகஸ் அவுட்லாஸ் ஒரே சீசன். பாடகரின் பெயர் முதல் இரவுக்கு டிக்கெட் விற்கும். ஐந்தாவது இரவுக்கு விற்காது. அதற்கு உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் சிறு கடைகளுக்கும் குழுச் சீட்டு விற்கும் பத்துப் பேர் வேண்டும்.

வெளியேறுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: அணியின் பெயர் யாருக்குச் சொந்தம்? 2015 முடிவில் ஸ்போகேன் ஐ.எஃப்.எல்.-க்குப் போனபோது ‘ஷாக்’ என்ற பெயர் லீகிடம் தங்கிவிட்டது. ‘எம்பயர்’ என்று புதுப் பெயரில் தொடங்க வேண்டியதாயிற்று. பத்தாண்டு கட்டிய அடையாளமும் சட்டை விற்பனையும் ஒரே கையெழுத்தில் போயின. அரிசோனா ராட்லர்ஸ் 2016 இறுதி ஆட்டத்தில் தோற்ற கையோடு அதே லீகுக்குப் போனது, ஆனால் பெயரோடு போனது. 1992-இல் தொடங்கிய அணி, பழைய லீகில் ஐந்து கோப்பை, புதிய லீகில் 2017-இலும் 2024-இலும் சாம்பியன். என் பார்வையில் இந்த விளையாட்டின் மிகத் தெளிவான நிர்வாக முடிவு அதுதான். மூழ்கும் கப்பலில் ஆறாவது கோப்பைக்காகக் காத்திருக்கவில்லை.

தப்பிக்காதவர்களின் கணக்கு இப்படி: 2016-இல் எட்டு அணி, 2017-இல் ஐந்து, 2018-இல் நான்கு, 2019-இல் ஆறு, அந்த நவம்பரில் இரண்டாவது திவால். 2024-இல் வேறொரு குழு அதே பெயரை எடுத்து 16 அணிகளோடு ஏப்ரல் இறுதியில் தொடங்கியது. தொலைக்காட்சிப் பணம் வரும் என்ற வாக்குறுதியின் மேல் வரவு செலவு போட்ட அணிகள் சில வாரங்களிலேயே உதிரத் தொடங்கின. மே மாதத்தில் ஆணையர் மாற்றப்பட்டார், என்.எஃப்.எல். முன்னாள் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் பொறுப்பேற்றார். எஞ்சியவை தாக்குப்பிடித்து ஆடி முடித்தன. பில்லிங்ஸ் அவுட்லாஸ் கோப்பை வென்றது. பிறகு ஃபிஷர் தலைமையில் ‘அரீனா ஃபுட்பால் ஒன்’ என்ற புதிய லீக் உருவானது.

அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1995-இல் டெமாய்ன் நகரத்தில் ஜிம் ஃபாஸ்டரே தொடங்கிய அணி. சூப்பர்மார்க்கெட்டில் இரவு நேரம் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த கர்ட் வார்னர் அங்கே மூன்று சீசன் பந்தை எறியும் குவார்ட்டர்பேக். குறுகிய களத்தில் பந்தை நொடிக்குள் விடுவிக்கும் பழக்கம் அங்கே படிந்தது. 2000 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்று சிறந்த வீரர் விருதும் வாங்கினார். இதைவிட நல்ல விளம்பரம் எந்த லீகுக்கும் கிடைக்காது. அதே ஆண்டு முடிவில் அணி விற்கப்பட்டு, 2001-இல் லாங் ஐலண்டில் நியூயார்க் டிராகன்ஸ் ஆனது. பெரிய தொலைக்காட்சிச் சந்தை வேண்டும் என்ற ஆசை, ரசிகர்கள் நிறைந்த அரங்கத்தைக் காலி செய்தது. 2008 முடிவோடு டிராகன்ஸ் இல்லை. டெமாய்னில் அதே 2008-இல் பார்ன்ஸ்டார்மர்ஸ் பெயர் ஏ.எஃப்.2-இல் திரும்பி வந்தது, 2015 முதல் ஐ.எஃப்.எல்.-இல் ஆடுகிறது.

தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் ஸ்டார்ம் அணியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரில் பெரிய தொழில்முறை லீகின் அணி எதுவும் கிடையாது. 2005 முதல் 2008 வரை தொடர்ந்து நான்கு, 2011 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு, 2019-இல் ஒன்று என்று 11 பட்டங்கள். சிறு லீகில், பேருந்தில் போய்வரும் தூரத்து எதிரணிகளோடு, வலையில்லாத களத்தில்.

நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியைப் பார்த்தால் அணி சாவதும் நகரம் சாகாமல் இருப்பதும் சேர்ந்து தெரியும். 1990 முதல் 2000 வரை ஃபயர்பேர்ட்ஸ், 1999-இல் சாம்பியன். பிறகு இண்டியானாபொலிஸுக்கு இடம்பெயர்வு. 2002 முதல் ஏ.எஃப்.2 அணி. 2018-இல் எம்பயர், 2019 சாம்பியன், லீகோடு மூடல். 2021-இல் அதே பெயரில் நேஷனல் அரீனா லீகில் புது அணி, 2021-இலும் 2022-இலும் சாம்பியன். 2023-இல் உரிமையாளர் மாறி, லீகுக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டாததால் சீசன் நடுவில் நீக்கம். 2024-இல் மீண்டும் ஃபயர்பேர்ட்ஸ், இறுதி ஆட்டம் வரை. இத்தனைக்கும் அரங்கம் ஒன்றுதான், பெயர்ப்பலகை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அது மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். என்.பி.ஏ., என்.எச்.எல். அணி எதுவும் அங்கே இல்லை, கோடையில் சனிக்கிழமைகள் காலி. உரிமையாளர் தவறினாலும் லீக் விழுந்தாலும் அடுத்தவர் வந்து கையெழுத்துப் போட அந்தத் தேதிகள் அப்படியே இருக்கின்றன. புதிய அணி ஒன்று அறிவிக்கப்படும்போது நான் முதலில் தேடிப் படிப்பது அரங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தைத்தான்: எத்தனை ஆண்டுக்கு, எந்த மாதங்களில், வண்டி நிறுத்தும் கட்டணத்திலும் தின்பண்டத்திலும் அணிக்கு எத்தனை சதவீதம்.